எழுதிக் கொடுக்க ஓர் ஆள்

கடந்த ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு மாலை, எங்கள் தெருவுக்குப் பின்னால் குடியிருக்கும் ஓர் அக்காவின் வீட்டுத் திண்ணையில் விண்ணப்பப் படிவம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சமூகத் தொண்டில் ஈடுபட்டிருக்கும் பெண்களுக்கு அமைப்பு ஒன்று ஆண்டுதோறும் வழங்கும் விருதுக்கான படிவம் அது. அக்காவுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. பத்தொன்பது ஆண்டுகளாக, எங்கள் பகுதியிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்களோடு அவர் துணைக்குப் போய்வருகிறார். பிரசவ வலி கண்ட பெண், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் கிழவர், எந்தக் கட்டடத்தில் எந்தச் சீட்டைக் காட்ட வேண்டும் என்று தெரியாமல் வெயிலில் நிற்கும் தாய் என்று யாராக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். விடியற்காலையில் எழுந்து, தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு, முதல் பேருந்தைப் பிடித்துப் போய், ஓ.பி. சீட்டு வாங்குவதற்கு வரிசையில் நின்று, காப்பீட்டு அட்டையைப் பதிந்து, ரத்தம் கொடுக்க ஆள் தேடி, தேவைப்பட்டால் இரவு வார்டுக்கு வெளியே முந்தானையை விரித்துப் படுத்து, மறுநாள் வீடு திரும்புவார். இதற்காக அவர் யாரிடமும் காசு வாங்கியதில்லை. பேருந்துக் கட்டணத்தைக்கூடப் பல நாள் தாமே கொடுத்திருக்கிறார்.

படிவத்தின் முதல் பக்கத்தை நிரப்புவது எளிதாக இருந்தது. பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றை ஆதார் அட்டையைப் பார்த்து எழுதிவிட்டேன். அடுத்த பக்கத்தில் வந்த கேள்விகளுக்கு எங்கள் இருவரிடமும் விடை இல்லை. பதிவு பெற்ற அமைப்பின் பெயர் என்ன, ஆண்டுவாரியாகப் பயனடைந்தவர்களின் எண்ணிக்கை எவ்வளவு, தொண்டுக்குச் செலவிட்ட தொகை எவ்வளவு, செய்தித்தாள்களில் வந்த நறுக்குகள் உள்ளனவா, பணியில் ஈடுபட்டிருக்கும்போது எடுத்த புகைப்படங்கள் உள்ளனவா என்று அந்தக் கேள்விகள் நீண்டன. புகைப்படத்தைப் பற்றிக் கேட்டதும் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "வலியில துடிக்கிறவளக் கூட்டிக்கிட்டு ஓடுறப்ப யாரு டீச்சர் போட்டோ எடுப்பா?" என்றார். அவரிடம் குறை சொல்லும் தொனி எதுவும் இல்லை. உண்மையாகவே விடை தேடித்தான் கேட்டார்.

பெண்கள் கல்லூரி ஒன்றில் பதினோரு ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தவள் என்பதால், தொண்டைக் கணக்கில் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில், ஒரு மாணவி 2 ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்றி, 7 நாள் சிறப்பு முகாமிலும் தங்கிப் பங்கேற்றால்தான் சான்றிதழ் பெற முடியும். 1993-94 முதல் தேசிய அளவில் விருதும் வழங்கப்படுகிறது. அந்த மணிக்கணக்கு ஓர் அளவுகோல் என்ற வகையில் நல்லதுதான். வந்தவர் யார், வராதவர் யார் என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். ஆனால் கல்லூரி வாசலுக்கு வெளியே நடக்கும் எதுவும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

என் மாணவி ஒருத்தி தன் குடியிருப்பில் இருந்த குழந்தைகளை, அவர்களில் பெரும்பாலோர் செங்கல் சூளைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள், நாள்தோறும் மாலையில் தெருவிளக்கின் அடியில் உட்காரவைத்து மூன்று ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தாள். இரவில் வெளியே தங்கக்கூடாது என்று அவளுடைய தந்தை மறுத்துவிட்டதால், முகாமுக்கு அவளால் வர முடியவில்லை. விதிப்படி அவளுக்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாதவளின் பெயரைச் சிறந்த தொண்டர் பட்டியலில் சேர்க்கவும் வழியில்லை. நானும் சேர்க்கவில்லை. அந்த ஆண்டு விருது பெற்ற பெண்ணும் தகுதியுடையவள்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எனினும் கல்லூரி முதல்வருக்கு ஒரு தனிக் கடிதம் எழுதி, அவள் செய்தது இன்னது என்று ஒரு தாளிலாவது நான் பதிந்திருக்கலாம். அந்தக் கடிதத்தை எழுதத் தவறியது என் பணிக்காலத்தில் நான் மிகவும் வருந்தும் செயல்களில் ஒன்று. அக்காவின் திண்ணைக்குப் படிவத்தோடு நான் போனதற்கு அந்த வருத்தமும் ஒரு காரணம்.

பெண்களின் தொண்டுக்கான விருது என்றதும் மதுரைக்காரர்களின் நினைவில் முதலில் வருபவர் சின்னப்பிள்ளை அம்மாள்தான். அழகர்கோயில் பக்கத்தில் உள்ள பில்லுசேரியைச் சேர்ந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், வயல் வேலைக்குப் போகும் கூலிப் பெண்களைக் குழுவாக அழைத்துச் சென்று, நிலத்துக்காரரிடம் கூலி பேசி, வந்த கூலியைக் குறைவில்லாமல் பகிர்ந்து கொடுத்தவர். அவருக்குத் தலைமைப் பண்பு எங்கிருந்து வந்தது என்று வியப்பவர்கள், அந்தக் கூலிப் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். நடவுக்கு எத்தனை பேர் வேண்டும், யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்கு முன்பணம் தேவை, எவ்வளவு கூலிக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதை எல்லாம் மனக்கணக்காகவே வைத்திருந்து, நில உடைமையாளரின் முன்னால் நின்று பேசி முடிப்பது எளிய வேலை அன்று. தானம் அறக்கட்டளையின் வழிகாட்டலில் வளர்ந்த களஞ்சியம் என்ற சேமிப்புக் குழு இயக்கத்தில் அவர் சேர்ந்தபோது, அந்தத் திறமை முழுவதும் அவரோடு சேர்ந்தே வந்தது. பெண்கள் மாதந்தோறும் சிறு தொகையைச் சேர்த்து, தமக்குள் கடன் கொடுத்து வாங்கி, கந்துவட்டியின் பிடியிலிருந்து மெல்ல மெல்ல விடுபடும் அந்த ஏற்பாட்டை ஊர் ஊராகப் போய் எடுத்துச் சொன்னவர்களில் அவர் முன்னவர்.

நடுவண் அரசு 1999-ஆம் ஆண்டில் ஸ்திரீ சக்தி புரஸ்கார் என்ற விருதை ஏற்படுத்தியது. கண்ணகி, ஜீஜாபாய், அகல்யாபாய் ஹோல்கர், ராணி காயிதின்லியு, ராணி லட்சுமிபாய் ஆகிய ஐவரின் பெயர்களில் அது வழங்கப்பட்டது. அந்த விருதைப் பெறுவதற்காக 2001-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சின்னப்பிள்ளை அம்மாள் டெல்லிக்குப் போனபோது நடந்ததைத் தமிழ்நாட்டில் அறியாதவர்கள் குறைவு. விருதை வழங்கிய பிரதமர் வாஜ்பாய், மேடையிலேயே குனிந்து அவருடைய கால்களைத் தொட்டு வணங்கினார். மறுநாள் செய்தித்தாள்களில் வந்த அந்தப் படத்தை எங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் நாங்கள் ஒட்டிவைத்தோம். விடுதியில் சமையல் செய்துவந்த பெண்மணி ஒருவர் அந்தப் பலகையின் முன்னால் வந்து நின்று, கீழே எழுதியிருப்பதை வாசித்துக் காட்டும்படி என்னைக் கேட்டார். வாசித்து முடித்ததும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

அதற்கு முன்பும் தமிழ்ப் பெண்கள் தொண்டுக்காகப் பெருமை பெற்றிருக்கிறார்கள். பதினொரு வயதிலேயே கணவரை இழந்து, பின்னர் பட்டம் பெற்று, இளம் விதவைகளுக்குச் சென்னையில் விடுதியும் பள்ளியும் அமைத்த சகோதரி சுப்புலட்சுமிக்கு 1920-இல் ஆங்கிலேய அரசின் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கமும் 1958-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு 1956-இல் பத்மபூஷண் வழங்கப்பட்டது. அவர்கள் பட்ட பாடும் எதிர்கொண்ட பழிச்சொற்களும் சிறியவை அல்ல. ஆயினும் அவர்கள் படித்தவர்கள். தாம் செய்வதைத் தாமே எழுதவும், அரசிடம் மனுக் கொடுக்கவும், அறிக்கை வெளியிடவும் தெரிந்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிப் பெண் அதே வரிசையில் வந்து நிற்க முடிந்தது என்பதில்தான் 2001-ஆம் ஆண்டு நிகழ்ச்சி முற்றிலும் புதியதாக இருந்தது.

அவருடைய பெயர் டெல்லி வரை எப்படிப் போயிற்று என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அவரோடு ஓர் இயக்கம் இருந்தது. அந்த இயக்கத்தில் கணக்கு எழுதுகிறவர்கள் இருந்தார்கள். எத்தனை குழுக்கள், எத்தனை உறுப்பினர்கள், எவ்வளவு சேமிப்பு என்பது மாதந்தோறும் ஏட்டில் ஏறிக்கொண்டே இருந்தது. அவர் வாயால் சொன்னவற்றைத் தாளில் எழுத அவருக்கு ஆட்கள் கிடைத்தார்கள். அதனால் அவருடைய பெருமை கொஞ்சமும் குறைந்துவிடாது. நான் சொல்ல வருவது, அவருக்கு நிகரான உழைப்போடு, எழுதிக் கொடுக்க ஆள் இல்லாமல், ஊர்தோறும் பெண்கள் இருக்கிறார்கள் என்பதையே.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் தீக்கிரையாக்கப்பட்ட பிறகு, கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனோடு கீழத்தஞ்சைக்குப் போய், நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் நிலம் பெற்றுத் தருவதைத் தம் வாழ்நாள் பணியாக ஏற்றுக்கொண்ட கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனை எண்ணிப் பார்க்கிறேன். உழுபவனின் நில உரிமைக்காக 1981-இல் அவர்கள் தொடங்கிய லாப்டி அமைப்பின் வழியாகப் பல்லாயிரம் குடும்பங்களுக்கு நிலம் வந்தது. அவருக்கு 1989-இல் பத்மஸ்ரீயும், 2008-இல் கணவரோடு இணைந்து, மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதும், தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு 2020-இல் பத்மபூஷணும் கிடைத்தன. நிலப் பட்டாவில் பெண்ணின் பெயர் ஏறுவது எவ்வளவு பெரிய செய்தி என்பதைக் கிராமத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். விருதுப் பட்டியலில் அவர் பெயர் மட்டுமே இருக்கிறது. அவரோடு வயல் வரப்பில் நடந்து, வீடு வீடாகப் பெண்களைத் திரட்டி, ஊர்வலத்தில் முன்வரிசையில் நின்ற எண்ணற்ற பெண்களின் பெயர்களோ அந்தந்தக் கிராமங்களிலேயே தங்கிவிட்டன.

விருதினால் என்ன பயன் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தொண்டு என்பது பெண்ணின் இயல்பு, அதற்கு எதற்குப் பாராட்டு என்று சிலர் உயர்வாகச் சொல்வதைப்போலச் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குள் அவளுடைய உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும் ஏற்பாடு ஒளிந்திருக்கிறது. ஊரின் அங்கீகாரம் பெற்ற பெண்ணுக்கு அவளுடைய வீட்டிலேயே குரல் உயர்கிறது. அலுவலகத்தில் அவளுக்கு நாற்காலி போடுகிறார்கள். அவளோடு வரும் ஏழைக்கும் அந்த மதிப்பில் ஒரு பங்கு கிடைக்கிறது. எங்கள் அக்காவுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் இருந்தால், 'நீ யார், நோயாளிக்கு என்ன உறவு' என்ற கேள்விக்கு ஒவ்வொரு வார்டு வாசலிலும் அவர் விடை சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அதே வேளையில், மேடையோடு முடிந்துபோகும் விருது எனக்கு உவப்பானது அன்று. சின்னப்பிள்ளை அம்மாளுக்கு மாநில அரசின் ஔவையார் விருதும் 2019-இல் பத்மஸ்ரீயும் வழங்கப்பட்டன. இத்தனை பெருமைக்குப் பிறகும் தமக்கு ஒரு வீடு கட்டித் தரப்படவில்லை என்று முதுமையில் அவர் வெளிப்படையாகச் சொல்ல நேர்ந்தது. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் தமிழ்நாடு முதலமைச்சர் அவருக்குக் கனவு இல்லம் திட்டத்தில் வீடு வழங்க ஆணையிட்டார். ஊருக்காக உழைத்தவள் தனக்கென்று எதையும் சேர்த்து வைத்திருக்கமாட்டாள் என்பது, விருது கொடுப்பவர்கள் முதலிலேயே அறிந்திருக்க வேண்டிய செய்தி. பதக்கத்தைக் கொடுக்கும்போதே மருத்துவச் செலவுக்கும் முதுமைக்கால வருவாய்க்கும் வழி செய்துகொடுத்தால், பின்னாளில் இத்தகைய மனத்தாங்கலுக்கே இடம் இருக்காது.

தமிழ்நாட்டில் 2012 முதல் மார்ச் 8, உலக மகளிர் நாளை ஒட்டி வழங்கப்படும் ஔவையார் விருதுக்கு, குறைந்தது 5 ஆண்டுகள் சமூக நலப் பணியில் ஈடுபட்டிருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. கலை, மொழி, அறிவியல், நிர்வாகம் என்று பல துறைகளில் சிறந்த பெண்களும் அதே விருதுக்கு உரியவர்கள். 2024-இல் எழுத்தாளர் பாமாவுக்கு அது கிடைத்தபோது நான் மகிழ்ந்தேன். அவர் எழுத்தால் எத்தனை பெண்கள் நிமிர்ந்தார்கள் என்பதை வகுப்பறையிலேயே கண்டவள் நான். ஆனால் ஒரே ஒரு விருதுக்குள் மருத்துவரும் எழுத்தாளரும் நிர்வாகியும் தெருவில் ஓடியாடித் தொண்டு செய்யும் பெண்ணும் சேர்ந்து நின்றால், கடைசியில் சொன்னவரின் கோப்பே எப்போதும் மெலிந்ததாக இருக்கும். ஊதியமில்லாத அண்டை அயல் தொண்டுக்கென்று மாவட்ட அளவிலாவது தனி விருது வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிறுமியரைப் பொறுத்தவரை இன்னும் கூடுதலான கவனம் தேவைப்படுகிறது. தேசியப் பெண் குழந்தைகள் நாளான ஜனவரி 24 அன்று, 18 வயதுக்கு உட்பட்ட சிறுமி ஒருத்திக்கு மாநில அரசு விருதும் 1 லட்சம் ரூபாய்க்கான காசோலையும் வழங்குகிறது. பெண் குழந்தைகளின் கல்விக்கு உதவுதல், குழந்தைத் திருமணத்தைத் தடுத்தல் போன்ற செயல்கள் அதற்குத் தகுதிகளாகக் கொள்ளப்படுகின்றன. எனக்குத் தெரிந்த ஊர்களில், தோழிக்குத் திருமண ஏற்பாடு நடப்பதை அறிந்து, யாருக்கும் தெரியாமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்துச் சொன்ன பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையின் படத்தையும் ஊர்ப் பெயரையும் பள்ளியின் பெயரையும் நாளிதழில் போட்டுவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுவோம். அவளோ மறுநாளும் அதே தெருவில், திருமணம் நின்றுபோன வீட்டைக் கடந்துதான் பள்ளிக்குப் போக வேண்டும். இத்தகைய பிள்ளைகளுக்குப் பெயர் வெளியிடாமலேயே பாராட்டும் உதவியும் செய்ய ஒரு வழி இருந்தாக வேண்டும். கல்லூரி முடியும் வரை படிப்புச் செலவை ஏற்றுக்கொள்வது, ஒரு நாள் மேடையைவிட அவளுக்கு மேலான சிறப்பு. தன் சொந்தத் திருமணத்தையே தடுத்துக்கொண்ட சிறுமியை மேடையில் நிறுத்தி, தாய் தந்தையரைப் பற்றிப் பேசச் சொல்லும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன்.

விண்ணப்பம் வரட்டும் என்று காத்திருக்கும் முறையே மாற வேண்டும் என்று பல முறை எண்ணியிருக்கிறேன். தொண்டு செய்கிறவர் தாமே தம் பெருமையை எழுதி, தாமே சான்றுகளைத் திரட்டி, தாமே அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றால், கூச்சம் உள்ளவர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். கிராம செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், தலைமையாசிரியர், தபால்காரர் ஆகிய நால்வரை ஓர் ஊரில் கேட்டுப் பார்த்தால் போதும். அவசரத்துக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று தயங்காமல் சொல்லிவிடுவார்கள்.

படிவத்தின் வெற்றிடங்களை நிரப்ப வேறு வழியில்லாமல், நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். உங்கள் வீட்டிலிருந்து யாரை, எந்த ஆண்டு, எதற்காக அக்கா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார் என்று கேட்டு எழுதினேன். ஐந்து வாரங்களில் 214 பெயர்கள் சேர்ந்தன. அக்கா முதன்முதலில் துணைக்குப் போன நாளில் பிறந்த பெண் குழந்தை இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவளே தன் பெயருக்கு எதிரில் கையெழுத்திட்டாள். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைத்தார்கள். செய்தித்தாள் நறுக்குகளுக்கான இடத்தில் அந்த நோட்டின் நகலை இணைத்து, செலவிட்ட தொகை என்ற கேள்விக்கு எதிரில், பத்தொன்பது ஆண்டுப் பேருந்துக் கட்டணம், கஞ்சி, இழந்த கூலி நாட்கள் என்று எழுதி அனுப்பினேன்.

விருது வேறொருவருக்குப் போயிற்று. அந்தப் பெண்மணியின் பணியைப் பற்றிப் படித்தபோது, அது சரியான தேர்வு என்றே எனக்கும் பட்டது. செய்தியைச் சொல்லப் போன மாலையில் அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், அந்த நோட்டை மட்டும் ஒரு முறை வாசித்துக் காட்டும்படி கேட்டார். அவருடைய பேத்தி உட்கார்ந்து பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க, அக்கா கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே நிறுத்தச் சொல்லி, "அவ பிழைக்கல, ஆனா எழுதியிருக்கது சரிதான்" என்றும், "இதுல மேலத்தெரு சின்னம்மா எங்கே? ராத்திரியெல்லாம் எனக்கு மாத்தி உட்கார்ந்தது அவதானே" என்றும் சொன்னார். மேலத்தெருச் சின்னம்மாவை நான் கேள்விப்பட்டதே இல்லை. வார்டில் அக்கா இருந்த நாட்களில், அக்காவின் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர் என்றும், பல இரவுகளில் அக்காவுக்குப் பதிலாகத் தாமே போய் உட்கார்ந்தவர் என்றும் அன்றைக்குத்தான் அறிந்துகொண்டேன்.

இந்த ஆண்டுப் படிவம் வந்துவிட்டது. அக்காவின் நோட்டில் இப்போது 231 பெயர்கள் உள்ளன. மேலத்தெருச் சின்னம்மாவுக்குத் தனியாக ஒரு நோட்டு வாங்கி, இதுவரை பதினாறு வீடுகளுக்குப் போய்வந்திருக்கிறேன். மீதி வீடுகளுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்.